"கூட்டுக்குடும்பம் சிதைந்தது" என்று எழுதுவதற்கு முன் ஒரு கோடு போட்ட தாள் எடுங்கள்

வரலாற்று விடைத்தாள் திருத்துகிறவர்களுக்கு இந்த வாக்கியம் மனப்பாடம்: "தொழிற்புரட்சியால் கூட்டுக்குடும்பம் சிதைந்து தனிக்குடும்பம் தோன்றியது." தொழில்மயமாதல் குடும்பத்தையும் சமூகத்தையும் எப்படி மாற்றியது என்று எப்போது கேட்டாலும், பத்தில் எட்டுத் தாள்களில் இதுதான் முதல் வரி. பிள்ளைகளைக் குறை சொல்ல வாயில்லை. பதினோரு வருடம் நானேதான் கரும்பலகையில் அதை எழுதிப் போட்டேன், அடிக்கோடும் போட்டு.

அந்த வரி தொழிற்புரட்சி தொடங்கிய இங்கிலாந்துக்கே பொருந்தாது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த வரலாற்றாசிரியர் பீட்டர் லாஸ்லெட்டும் அவருடன் வேலை செய்தவர்களும் பழைய ஊர்க் கணக்கெடுப்புப் பட்டியல்களை எடுத்து வீடு வீடாக எண்ணிப் பார்த்தார்கள். 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஒரு வீட்டில் இருந்தவர்கள் சராசரியாக ஐந்து பேருக்கும் சற்றுக் குறைவு. ஆலை வருவதற்கு முன்பே அங்கே வீடு சிறியதுதான். பதின்வயதிலேயே பிள்ளைகள் வேறு வீடுகளுக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். இருபதுகளின் நடுவில் கையில் கொஞ்சம் காசு சேர்ந்தபின் திருமணம் செய்து தனிக்குடித்தனம் போவார்கள். உடைவதற்குக் கூட்டுக்குடும்பம் என்று ஒன்று இருக்க வேண்டுமே?

இதைவிடச் சங்கடமான தகவல் ஒன்று உண்டு. மைக்கேல் ஆண்டர்சன் 1851 குடிக்கணக்கை வைத்து லங்காஷயரின் பஞ்சாலை நகரமான பிரஸ்டனை ஆராய்ந்தார். கணவன், மனைவி, பிள்ளைகள் தவிர வேறு உறவினரும் சேர்ந்து வாழ்ந்த வீடுகள் அங்கே 23 சதவீதம். ஆலைக்கு முந்தைய ஊர்களில் அது சுமார் 10 சதவீதம். அதாவது ஆலை நகரத்தில் உறவுக்கூட்டம் கூடியிருக்கிறது. காரணம் பாசம் மட்டுமல்ல. தாய் ஆலைக்குப் போனால் குழந்தையைப் பார்க்க ஒரு விதவைப் பாட்டி வேண்டும். ஊரிலிருந்து வருகிற பையனுக்கு வேலை வாங்கித் தர ஒரு மாமா வேண்டும். வாடகையைப் பங்குபோட ஆள் வேண்டும்.

சரி, அந்த வரியை விட்டுவிட்டால் எதை எழுதுவது? வகுப்பில் நான் செய்யச் சொல்வதை இங்கே சொல்கிறேன். கட்டுரை எழுதுகிற மாணவருக்கும் உதவும், சும்மா புரிந்துகொள்ள நினைப்பவருக்கும் உதவும்.

ஒரு கோடு போட்ட தாளைக் குறுக்குவாட்டில் வையுங்கள். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக நான்கு ஆண்டுகள்: 1760, 1780, 1832, 1890. மேலே ஐந்து தலைப்புகள்: வேலை எங்கே? நேரத்தைச் சொல்வது யார்? கூலி யார் கையில்? குழந்தை யார் மடியில்? முடியாதவர் எங்கே? இப்போது அப்பா, அம்மா, பத்து வயதுப் பெண், கைக்குழந்தை, ஒரு பாட்டி என்று ஒரு நெசவுக் குடும்பத்தை மனதில் வைத்து, அதை நான்கு வரிசையிலும் உட்கார வையுங்கள். ஆரம்பத்தில் ஆறாவதாக "மகிழ்ச்சி" என்றும் ஒரு தலைப்பு வைத்திருந்தேன். அந்தக் கட்டத்தில் எல்லோரும் கதை எழுதினார்கள். அடித்துவிட்டேன்.

1760 வரிசையை நிதானமாக நிரப்புங்கள். மற்ற மூன்றும் இதோடு ஒப்பிட்டுத்தான் புரியும். வேலை எங்கே? வீட்டில். வியாபாரி பஞ்சு கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவார், நெய்த துணியை எடுத்துக்கொண்டு கூலி கொடுப்பார். சின்னப் பிள்ளைகள் பஞ்சைச் சிக்கெடுத்துச் சீவிக் கொடுக்க, அம்மாவும் பெண்களும் ராட்டையில் நூற்க, அப்பா தறியில் உட்காருவார். ஒரு தறிக்குத் தீனி போட நாலைந்து பேர் நூற்க வேண்டும். தறியில் குறுக்கு நூலை வேகமாகக் கொண்டுபோகும் பறக்கும் ஓடத்தை 1733-இல் ஜான் கே கொண்டுவந்தபின் நெசவு வேகம் கூடி, நூல் பஞ்சம் இன்னும் மோசமானது. நூற்பது பெண்களின் வேலை என்பது எவ்வளவு ஊறிப்போனது என்றால், நூற்பவள் என்ற பொருளில் வந்த ஸ்பின்ஸ்டர் என்ற ஆங்கிலச் சொல்தான் பிறகு மணமாகாத பெண்ணைக் குறிக்கத் தொடங்கியது.

நேரத்தைச் சொல்வது யார்? வெளிச்சமும், வியாபாரி வந்து எடுத்துப்போகும் நாளும். திங்கட்கிழமை தறி தூங்கும். கைவினைஞர்கள் அந்த நாளைக் கேலியாகப் புனிதத் திங்கள் என்றார்கள். வெள்ளி, சனியில் விடிய விடிய நெய்து சரிக்கட்டுவார்கள். கூலி யார் கையில்? இங்கே பலர் தவறுவார்கள். தனித்தனிக் கூலி என்ற பேச்சே இல்லை. துணிக்குத்தான் காசு, அது குடும்பத் தலைவர் கையில் விழும். பத்து வயதுப் பெண் நாள் முழுக்க நூற்றாலும் அவள் பெயரில் ஒரு காசு கிடையாது.

இந்த வரிசையை எழுதும்போது ஓர் எச்சரிக்கை. "அப்போது குடும்பம் ஒன்றாக, மகிழ்ச்சியாக உழைத்தது" என்று எழுதாதீர்கள். பிள்ளைகள் அப்போதும் வேலைதான் செய்தார்கள், அடியும் வாங்கினார்கள். மேற்பார்வையாளரும் அப்பாவும் ஒரே ஆளாக இருந்தார், அவ்வளவுதான்.

1780. ஒரே ஆள் பல நூல்களை நூற்க உதவும் ஜேம்ஸ் ஹார்கிரீவ்ஸின் ஜென்னி இயந்திரம் வந்தாகிவிட்டது. ரிச்சர்டு ஆர்க்ரைட் நீரால் ஓடும் நூற்பு இயந்திரத்துக்கு 1769-இல் காப்புரிமை வாங்கி, 1771-இல் டெர்பிஷயரின் கிராம்ஃபோர்டில் ஆலையைத் தொடங்கிவிட்டார். இங்கே பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: வீட்டைவிட்டு முதலில் ஆலைக்குப் போனது யார்?

வகுப்பில் எல்லோரும் "அப்பா" என்பார்கள். இல்லை. இயந்திரமானது நூற்பு. நூற்பு யாருடைய வேலையாக இருந்ததோ அவர்கள்தான் முதலில் போனார்கள், பெண்களும் பிள்ளைகளும். கிராம்ஃபோர்டில் ஆர்க்ரைட் கட்டிய நார்த் ஸ்ட்ரீட் வீடுகள் இன்றும் நிற்கின்றன. மூன்று மாடி, மேல்மாடியில் வெளிச்சத்துக்காக நீளமான ஜன்னல். அங்கே அப்பா தறி போட்டு நெய்வார். மனைவியும் பிள்ளைகளும் கீழே இறங்கி ஆலைக்குப் போவார்கள். நிறையப் பிள்ளைகள் உள்ள நெசவாளர் வந்தால் ஆலைக்கு லாபம். இந்தத் தெருவைப் பற்றிப் படித்த பிறகுதான் என் பழைய பாடக்குறிப்பைக் கிழித்துப் போட்டேன். அம்மா வீட்டில், அப்பா ஆலையில் என்பது பின்னால் வந்த படம். தொடக்கத்தில் அது ஏறக்குறைய தலைகீழ்.

கூலிக் கட்டத்திலும் இங்கே மாற்றம் தொடங்குகிறது. பத்து வயதுப் பெண்ணின் உழைப்புக்கு முதல்முறையாக ஒரு தொகை எழுதப்படுகிறது. அது அவள் கைக்கு வந்ததா என்பது வேறு கேள்வி. பிறகு வருகிறேன்.

இன்னொன்றையும் ஒரு வரியில் குறித்துக்கொள்ளுங்கள். குடும்பம் ஆலை வாசலில் உடனே பிரிந்துவிடவில்லை. பிறகு வந்த மியூல் என்ற பெரிய நூற்பு இயந்திரத்தை ஓட்டிய நூற்பாளர், அறுந்த நூலை ஒட்டிவிடும் பிள்ளைகளைத் தானே அமர்த்தி, தன் கூலியிலிருந்தே கொடுப்பார். பல இடங்களில் அந்தப் பிள்ளைகள் அவருடைய பிள்ளைகள் அல்லது உறவுக்காரப் பிள்ளைகள். வீட்டின் ஒரு துண்டு ஆலைக்குள் போய் உட்கார்ந்திருந்தது.

மூன்றாவது வரிசை, 1832. ஏன் 1832 என்றால் அந்த ஆண்டு நமக்கு ஒரு குரல் கிடைக்கிறது. மைக்கேல் சாட்லர் தலைமையிலான நாடாளுமன்றக் குழு முன்பு லீட்ஸைச் சேர்ந்த எலிசபெத் பென்ட்லி என்ற 23 வயதுப் பெண் சாட்சி சொன்னார். ஆறு வயதில் லினன் நூல் நூற்கும் ஆலையில் சேர்ந்தவர். நூல் சுற்றி நிறைந்த பாபின் கட்டைகளைக் கழற்றி வெற்றுப் பாபின்களை மாட்டுவது வேலை. சாதாரண நாளில் காலை 6 முதல் இரவு 7 வரை. வேலை குவிந்த காலத்தில் காலை 5 முதல் இரவு 9 வரை. நடுப்பகலில் சாப்பாட்டுக்கு 40 நிமிடம்.

இந்த எண்களை எல்லோரும் எடுத்து எழுதுகிறார்கள். நான் தேடச் சொல்வது அதே சாட்சியத்தில் இருக்கிற வேறொரு விவரத்தை. அவர்கள் வீட்டில் கடிகாரம் இல்லை. தாமதமானால் தண்டனை. அதனால் அம்மா இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் எழுந்திருப்பார். அந்த வேளையில் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போகிறவர்களின் காலடிச் சத்தம் கேட்டால், போர்வையை உதறிவிட்டுத் தெருவுக்கு ஓடி மணி என்ன என்று கேட்பார். சில நாள் தவறாகக் கணித்து, கொட்டும் மழையில் இரண்டு மணிக்கே போய், ஆலை திறக்கும்வரை நின்றிருக்கிறார்கள்.

நேரத்தைச் சொல்வது யார் என்ற கட்டத்துக்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியாது. 1760-இல் பொழுது விடிந்தால் வேலை. இப்போது நேரம் ஆலை முதலாளியிடம் இருக்கிறது, வீட்டில் இல்லை. ஒரு தாயின் தூக்கம் அதற்கு விலை. பிற்பாடு இதுவே ஒரு தொழிலானது. நீளக் கழியால் ஜன்னலைத் தட்டி எழுப்புகிறவர்களுக்கு வாரக்கூலி கொடுத்தார்கள்.

சாட்சியத்தைப் பயன்படுத்தும்போது ஒரு நியாயத்தையும் மறக்கக் கூடாது. சாட்லர் பத்து மணி நேரச் சட்டத்துக்காகப் போராடியவர். குழு ஒரு பக்கச் சாட்சிகளைத்தான் கேட்டது, சத்தியப்பிரமாணமும் வாங்கவில்லை என்று ஆலை முதலாளிகள் கூச்சலிட்டார்கள். அதனால் 1833-இல் அரசு வேறோர் ஆணையம் அமைத்தது. அதுவும் பிள்ளைகள் உழைப்புக்கு வரம்பு வேண்டும் என்றுதான் சொன்னது. விடையில் இந்த இரண்டு வரியையும் சேர்ப்பவருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு மதிப்பெண் போடுவேன்.

அதே 1833-இல் வந்த தொழிற்சாலைச் சட்டம் துணியாலைகளில், பட்டு ஆலை நீங்கலாக, 9 வயதுக்குக் கீழே வேலைக்கு வைக்கத் தடை விதித்தது. 9 முதல் 13 வரை நாளுக்கு 9 மணி நேரம். 18 வயது வரை 12 மணி நேரம். மேற்பார்க்க நாட்டுக்கே 4 ஆய்வாளர்கள்! வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கிலாந்தில் பிறப்புப் பதிவு 1837-இல்தான் தொடங்கியது. ஆகவே ஒரு மருத்துவர் பிள்ளையைப் பார்த்து, ஒன்பது வயதுக்குரிய வளர்த்தி இருக்கிறது என்று சான்று கொடுப்பார். பல்லைப் பார்த்து வயது சொல்லலாமா என்று ஆராய்ச்சி செய்தார்கள். மாட்டுச் சந்தை நினைவுக்கு வந்தால் தப்பில்லை.

சட்டங்களைத் தேதி வாரியாக அடுக்காதீர்கள், ஒவ்வொன்றும் தாளில் எந்தக் கட்டத்தை மாற்றியது என்று பாருங்கள். 1842-இல் பெண்களுக்கும் 10 வயதுக்குக் கீழான பையன்களுக்கும் நிலத்தடிச் சுரங்க வேலை தடை. 1844-இல் 13 வயதுக்குக் கீழான பிள்ளைகளுக்கு ஆறரை மணி நேரம், மீதி நேரம் பள்ளி. 1847-இல் பெண்களுக்கும் இளையோருக்கும் பத்து மணி நேரம். இவை நல்ல சட்டங்கள், சந்தேகமில்லை. ஆனால் பிள்ளையின் நேரமும் அப்பாவின் நேரமும் இப்போது வெவ்வேறு. ஒரே இயந்திரத்தடியில் குடும்பமாக வேலை பார்ப்பது இனி சுலபமில்லை. சுரங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்ட பெண்களுக்கு மாற்று வேலையை அந்தச் சட்டம் தரவில்லை.

இனி கூலி. "பெண்கள் சம்பாதிக்கத் தொடங்கியதால் சுதந்திரம் பெற்றார்கள்" என்று ஒரு சாரார் எழுதுவார்கள், "பெண்கள் அடிமைகளானார்கள்" என்று மறுசாரார். இரண்டுக்கும் முன்னால் சட்டத்தைப் பாருங்கள். இங்கிலாந்தில் 1870 வரை மணமான பெண்ணின் கூலி சட்டப்படி கணவனுடையது. அந்த ஆண்டுச் சட்டம்தான் அவள் சம்பாத்தியத்தை அவளுடையது ஆக்கியது, 1882-இல் சொத்தும் அவளுடையதானது. நடைமுறை வேறு. லங்காஷயர் ஆலைக் குடும்பங்களில் பிள்ளைகள் கூலி உறையைப் பிரிக்காமல் அம்மாவிடம் கொடுப்பார்கள், அம்மா அதிலிருந்து கைச்செலவுக்குச் சில்லறை தருவார். சட்டத்தில் அப்பா, அடுக்களையில் அம்மா. இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதுங்கள், இடம் போதாவிட்டால் ஓரத்தில் எழுதுங்கள்.

இங்கே இன்னொரு பிழை. ஆலைப் பெண் என்ற படம் மனதில் பதிந்துவிட்டதால் எல்லாப் பெண்களும் ஆலைக்குப் போனதாக எழுதிவிடுகிறோம். 1851 கணக்கில் பிரிட்டனில் வீட்டு வேலைக்காரர்கள் 10 லட்சத்துக்கும் மேல், பெரும்பாலும் பெண்கள். பஞ்சாலையில் ஆண், பெண் எல்லோரையும் சேர்த்தாலே ஏறக்குறைய 5 லட்சம்தான். ஆலைக்குப் போன பெண்களிலும் பெரும்பாலோர் மணமாகாத இளம்பெண்கள். தொழில்மயமாதலால் பணம் சேர்த்த நடுத்தர வர்க்கம் மனைவியை வேலையில்லாமல் வரவேற்பறையில் உட்கார வைத்தது என்றால், இன்னொரு வீட்டுப் பெண் அந்த வீட்டின் கரியள்ளினாள்.

குழந்தை யார் மடியில்? பல வருடம் முன்பு வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, "அப்போ பால் குடிக்கிற குழந்தைய யார் மிஸ் பார்த்துக்கிட்டாங்க?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அன்று வீட்டுக்குப் போய்த் தேடியதில் இருந்துதான் இந்தத் தலைப்பு வந்தது. பாட்டி, அக்கா, பக்கத்து வீட்டுக் கிழவி, காசுக்குப் பார்ப்பவர் என்று பதில்கள் உண்டு. கூடவே காட்ஃப்ரேஸ் கார்டியல் என்றொரு புட்டியும் உண்டு. வெல்லப்பாகில் அபின் கலந்த மருந்து. குழந்தை அழாமல் தூங்கும். சில குழந்தைகள் எழவே இல்லை. ஆனால் இதை ஆலைத் தாய்மார்களின் குற்றமாக மட்டும் எழுதாதீர்கள். வீட்டிலேயே இருந்த பெண்களும் கொடுத்தார்கள், கிராமத்திலும் கொடுத்தார்கள். கடையில் எவருக்கும் கிடைத்த சரக்கு.

எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. தொழிலாளர் சுகாதாரம் பற்றிய எட்வின் சாட்விக்கின் 1842 அறிக்கையில், மான்செஸ்டர் தொழிலாளர் குடும்பங்களில் இறப்பின் சராசரி வயது 17, கிராமப்புற ரட்லண்டில் 38 என்று வரும். உடனே "தொழிலாளர்கள் 17 வயதில் இறந்தார்கள்" என்று எழுதிவிடுவார்கள். பச்சைக் குழந்தைகளின் சாவு அந்தச் சராசரியை இழுத்துக் கீழே தள்ளுகிறது. ஐந்து வயதைத் தாண்டியவர் பலர் நடுவயதைப் பார்த்தார்கள். அந்த 17-ஐ உங்கள் தாளில் குழந்தைக் கட்டத்தில் எழுதுங்கள், அப்பா கட்டத்தில் அல்ல.

1890-ஐ வேகமாக நிரப்பிவிடலாம். 1870, 1880 சட்டங்களுக்குப் பின் பத்து வயது வரை பள்ளி கட்டாயம். சம்பாதித்த பிள்ளை இப்போது செலவு. 1860-களில் மணந்தவர்களுக்குச் சராசரியாக ஆறு பிள்ளைகள், 1920-களின் பிற்பாதியில் மணந்தவர்களுக்கு இரண்டுக்குச் சற்று மேல். பள்ளி மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போகவும் முடியாது. அப்பா ஒருவர் கூலியிலேயே வீடு நடக்க வேண்டும் என்ற கோரிக்கை தொழிற்சங்கங்களில் வலுத்தது. இது எல்லா வீட்டிலும் நடந்ததா என்றால் இல்லை, ஆனால் மரியாதைக்கு அது அளவுகோலானது. 1850 சட்டம் சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குப் பெண்களையும் இளையோரையும் விடுவித்ததில் தொடங்கி அரைநாள் விடுமுறை பரவியது. கால்பந்துப் போட்டி சனி மாலை மூன்று மணிக்கு வந்த கதை அதுதான்.

வேறு நாட்டைப் பற்றிக் கேள்வி வந்தால் இதே தாளை அப்படியே ஒட்டாதீர்கள், தலைப்புகளை வைத்துக்கொண்டு கட்டங்களைக் காலியாக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள். அமெரிக்காவின் பஞ்சாலை நகரமான லோவெலில் குடும்பம் ஆலைக்கு வரவில்லை. விவசாய வீட்டு மகள்கள் தனியாக வந்து ஆலை விடுதிகளில் தங்கினார்கள். மணியடித்து எழுப்பினார்கள், மணியடித்து விளக்கணைத்தார்கள். கூலி வெட்டியபோது 1834-இல் அதே மகள்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜப்பானில் 1872-இல் தொடங்கிய தொமியோகா பட்டாலையிலும் இளம்பெண்கள்தான், விடுதிதான்.

கடைசித் தலைப்பைப் பாதிப் பேர் காலியாக விட்டுவிடுவார்கள். முடியாதவர் எங்கே? 1760-இல் பாட்டி ராட்டையோரம் ஏதாவது செய்துகொண்டிருந்தாள். கை நூற்பு போனபின் அவளுக்கு வேலை இல்லை. பேரனைப் பார்த்துக்கொண்டால் சாப்பாடு உண்டு. பார்க்கப் பேரன் இல்லாவிட்டால், குறிப்பாக 1834 ஏழைகள் சட்டத்துக்குப் பிறகு, உதவி வேண்டியவர்கள் உள்ளே போய்த் தங்க வேண்டிய ஏழை விடுதி. அங்கே கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். ஓய்வூதியம் 1909 ஜனவரி 1 முதல்தான் கிடைத்தது. 70 வயதானவருக்கு, வாரத்துக்கு 5 ஷில்லிங் வரை. தாளில் 1890-க்குக் கீழே இன்னொரு கோடு இழுத்து இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தலைப்பில் கிழவர்களை மட்டும் தேடிக்கொண்டிருந்த ஒரு பையன் 1832 வரிசையைக் காலியாகக் கொண்டுவந்து காட்டினான். எலிசபெத் பென்ட்லியின் சாட்சியத்தைக் கடைசிவரை படி என்று திருப்பி அனுப்பினேன். மறுநாள் அந்தக் கட்டத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தான்: "23 வயது. உடம்பு கோணிவிட்டது. ஹன்ஸ்லட் ஏழை விடுதி."